சில்லுக்கு ஒரு பூட்டு

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவனை ஊர் எந்தெந்தக் காரியத்துக்கு நாடி வரும் என்பதற்கு எல்லை வகுத்தல் இயலாது. விண்ணப்பப் படிவம் நிரப்புதல், பிள்ளைக்குப் பெயர் தேர்தல், காணிப் பிணக்கில் ஒரு சொல் நியாயம் உரைத்தல் எனப் பலவற்றுக்கும் எமது வாயிற்படியை மிதித்தோர் உண்டு. ஆயினும் மோட்டார் வண்டியின் பின்னச்சுக்குப் பூட்டு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டு ஒருவர் வந்தது 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேதான்.

வந்தவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த எமது நெடுநாள் நண்பர். மக்கா சென்று வந்தவராதலின் ஊரார் அவரை ஹாஜியார் என்பர். நாமும் அவ்வாறே அழைப்பது வழக்கம். உடன் வந்தவன் அவருடைய மூத்த மகன். எம்மிடம் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்றவன். கிட்டங்கிக்கு அப்பால் ஹாஜியாருக்கு வயல் இருக்கிறது. மருமகனுக்கோ கடற்கரையிலே கரைவலை. வயலுக்கு விதைநெல்லும் பசளையும் ஏற்றவும், வலையிற் பட்ட மீனை மணலிலிருந்து தார் வீதிக்குக் கொணரவும், இடையிடையே குடும்பத்தை அழைத்துச் செல்லவும் உதவுமாறு, நான்கு சில்லுகளும் இழுக்கின்ற பழைய ‘டபள் கெப்’ ஒன்றை வாங்குவதெனத் தந்தையும் மகனும் துணிந்திருந்தனர். சிறுபோக நெல் விற்ற பணம் கையில் இருந்தது.

புதிய வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதுதான். ஆனால் வரியோடு சேர்த்துச் சொல்லப்பட்ட விலைக்கு ஐந்து போகத்து நெல்லை அளந்து கொடுத்தாலும் ஆகாது என்பது ஹாஜியாரின் கணக்கு. ஆகவே பழையவற்றுள் இரண்டைப் பார்த்து வைத்திருந்தனர். ஒன்றிலே, சாரதியின் கையருகே ஒரு விசை உண்டு. அதனை அழுத்தினால் பின்சில்லுகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மற்றதிலே அந்த வசதி இல்லை; விலை குறைவு.

“சேர், லொக்கு இரிக்கிற வண்டியத்தான் எடுக்கணும் எண்டு நிக்கிறான் இவன். அதுக்கு நாலு லெச்சம் கூட. மத்ததுக்கு உள்ள வெல்டிங் அடிச்சுத் தாறம், அதுவும் லொக்குத்தானே எண்டு கராஜில சொல்றாங்க. நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க” என்றார் ஹாஜியார்.

வெல்டிங் என்ற அச்சொல் காதில் விழுந்ததும் எமது கையிலிருந்த தேநீர்க் கோப்பை தானாகவே மேசைக்கு இறங்கிற்று. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவோம். முதலில், இந்தப் பூட்டு என்பது யாது, அது எதனைப் பூட்டுகிறது என்பதை வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, விளக்குதல் முறையாகும்.

உழவு இயந்திரங்கள் வருமுன் எமது பகுதியில் சூடடித்த விதத்தை மூத்தோர் அறிவர். களவெட்டியின் நடுவே கம்பு; அதனைச் சுற்றிப் பிணையலாகக் கட்டிய மாடுகள். கம்பை ஒட்டி நிற்கும் மாடு நின்ற இடத்திலேயே மெல்லக் காலை மாற்றி மாற்றி வைக்கும். கடைசியில் நிற்கும் மாடோ எட்டி நடந்தாக வேண்டும். இரண்டும் ஒரே அடி எடுத்து வைக்க வேண்டுமென்று எவரேனும் கட்டளையிட்டால் பிணையலே சிக்கிப் போகும். மோட்டார் வண்டி வளைவிலே திரும்பும்போதும் நிகழ்வது இதுவே. உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் ஓடுகின்றன. இரு சில்லுகளுக்கும் இடையே ஒன்றரை மீற்றர் அகலமாயின், ஒரு நாற்சந்தியிலே செங்கோணமாகத் திரும்புவதற்குள் வெளிச்சில்லு ஏறக்குறைய 2.36 மீற்றர் மேலதிகமாக ஓடவேண்டும். முக்கால் மீற்றர் விட்டமுள்ள சில்லுக்கு அது சரியாக ஒரு முழுச் சுற்று! (மாணவர்கள் கணக்கைச் செய்து பார்க்கலாம், விடை இவ்வளவு அழகாக வருவது எமக்கே வியப்பாக இருந்தது.)

இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதற்காகவே பின்னச்சின் நடுவிற் குடம்போல் வீங்கி நிற்கும் பெட்டிக்குள்ளே சில பற்சில்லுகளை அமைத்தார்கள். டிபரென்சியல் என்பது அதன் பெயர். 1827 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டிலே பெக்கர் என்னும் கடிகாரத் தொழிலாளர் இதனை நீராவி வண்டிக்கென அமைத்து உரிமை பெற்றார் என்று வரலாறு கூறுகின்றது. கடிகாரம் செய்த கைக்குத்தான் இத்தகைய நுட்பம் தோன்றும் போலும்.

நன்மையோடு ஒரு தீமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்பெட்டி இரு சில்லுகளுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். சமம் என்றால் நீதி என்று நாம் எண்ணுவோம். இங்கே அது அநீதியாகிறது. ஒரு சில்லின் மேல் 500 கிலோ கிராம் பாரம் இருக்கிறதென்று கொள்வோம். உலர்ந்த தாரில் அது சுமார் 400 கிலோ அளவுக்குப் பற்றி இழுக்கும். வழுக்கும் சேற்றிலோ 100, பனிக்கட்டியிலோ 50. வலச்சில்லு தாரிலும் இடச்சில்லு பனிக்கட்டியிலும் நின்றால், 400ஐயும் 50ஐயும் கூட்டி 450 கிடைக்குமென்று எண்ணாதீர்கள். வழுக்குகின்ற சில்லு 50க்கு மேல் ஏற்க மாட்டாது; சமமாகப் பங்கிடும் பெட்டி மற்றதற்கும் அந்த 50ஐத்தான் கொடுக்கும். ஆக மொத்தம் 100. நல்ல தரையிலே நிற்கும் சில்லு கையைக் கட்டிக்கொண்டு நிற்க, சேற்றிலே நிற்கும் சில்லு மட்டும் சுழன்று சுழன்று தனக்குத் தானே குழி தோண்டும். வயற்பாதையிலே இக்காட்சியைக் காணாதவர் எமது பகுதியில் இல்லை.

இரண்டு அச்சுகளையும் ஒன்றாகப் பூட்டிவிட்டாலோ இந்தச் சமபங்கு ஒழியும். எந்தச் சில்லுக்குப் பிடிப்பு உண்டோ அது தன்னால் இயன்றவரை இழுக்கும். 100க்குப் பதிலாக 450. பூட்டின் மகிமை இவ்வளவே.

இதனை நாம் முதன்முதல் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் அன்று. எமக்குப் பதினைந்து வயதிருக்கும். தந்தையாரின் ஆறு ஏக்கர் வயலை உழுவதற்குச் சம்மாந்துறையிலிருந்து ஒரு காக்கா, மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தைக் கொண்டு வருவார். ஒருநாள் எம்மைத் தமக்கருகே சில்லு மூடியின் மேல் இருத்தி, வலது குதிகாலுக்கு அருகிலிருந்த ஒரு சிறு மிதியைக் காட்டினார். இயந்திரத்தின் இடச்சில்லு வரம்போரச் சேற்றிலே புதைந்து சுழன்றுகொண்டிருந்தது. காக்கா கிளச்சை மிதித்துச் சுழற்சியை நிறுத்தினார். குதிகாலால் அம்மிதியை அழுத்தினார். பின்பு மெல்லக் கிளச்சை விட்டார். பெரிய எருமை ஒன்று முனகிக்கொண்டு எழுவது போல இயந்திரம் எழுந்து நகர்ந்தது.

“நேராப் போறப்ப மிதிக்கணும் தம்பி. கிறுக முந்திக் கால எடுத்திரணும். எடுக்காட்டி மெசின் உன்ட சொல்லுக் கேளாது” என்றார்.

கிறுகுதல் என்பது திரும்புதலுக்கு எமது கீழ்க்கரையில் வழங்கும் சொல். வேற்றூர் வாசகர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக. கட்டுரையின் இறுதியிலும் இச்சொல் வரும். காக்கா சொன்னதை அன்று செவிமடுத்தோம். மனத்திற் பதிந்ததோ அவர் சொன்னதன் முற்பாதி மட்டுமே என்பது பல ஆண்டுகளின் பின்னரே புலனாயிற்று.

2013 ஆம் ஆண்டு. எமது தம்பி பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். வயலுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் எங்கேனும் புதைந்து, பிறருடைய உழவு இயந்திரத்தைக் கெஞ்சி அழைத்துவர வேண்டியதாயிற்று. பழுது பார்க்கும் இடமொன்றில் ஒருவர், டிபரென்சியலின் உட்பற்சில்லுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்துவிட்டால் இனி அது சுழலாது என்றார். தம்பி எம்மிடம் வந்து, “அண்ணா, செய்யலாமா?” என்று கேட்டார். நாம் பௌதிகவியல் ஆசிரியர் அல்லவா! கடதாசியில் மேற்சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டி, 100 எப்படி 450 ஆகின்றது என்று விளக்கி, “தாராளமாகச் செய்யலாம்” என்றோம். செலவும் சொற்பம். தம்பிக்கு எமது சொல் வேதவாக்கு.

அந்த மாரி முழுவதும் ஜீப் வயலிலே ஒரு முறையேனும் புதையவில்லை. தம்பி கண்டோரிடமெல்லாம் எமது பெருமையைப் பேசினார். மனையாளோடு அக்கரைப்பற்றுக்குச் சென்று மீளும் ஒரு மாலையிலேதான் அது நிகழ்ந்தது. தூறல் விழுந்து தார் வீதி எண்ணெய் பூசியது போலிருந்தது. வேகம் அதிகமில்லை என்றே இருவரும் கூறினர். வளைவிலே தம்பி சுக்கானைத் திருப்பினார், முன்சில்லுகள் திரும்பின, ஒரே வேகத்திற் சுழல்வதன்றி வேறொன்றும் அறியாத பின்சில்லுகள் வண்டியை நேரே தள்ளின. ஒரு கணம் பிடிவாதமாக நேரே சென்ற ஜீப், மறுகணம் பின்புறம் வழுக்கிச் சுழன்று வீதியோர வாய்க்காலிற் சரிந்தது. தம்பிக்குச் சிராய்ப்பு. அவருடைய மனைவிக்குக் காறை எலும்பு முறிந்தது.

வைத்தியசாலைக்கு நாம் போனபோது அவர் எம்மைப் பார்த்து, “அத்தான், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அதைவிட இரண்டு சுடுசொல் சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இன்றுவரை அவர் அதுபற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எந்த வண்டியிலும் முன்னாசனத்தில் அமர்வதை அன்றோடு விட்டுவிட்டார். கோவில் திருவிழாவுக்குப் போவதாயினும் பேருந்திலேயே போவார். நாம் போட்ட கணக்கிலே பிழை எதுவுமில்லை. அந்தச் சேற்றுக்கு அது சரியான கணக்கு. ஜீப் ஓடிய பத்து மைலில் ஒன்பது மைல் தார் வீதி என்பதை நாம் கணக்கிற் சேர்க்கவில்லை. ஒரு நாற்சந்திக்கு ஒரு முழுச் சுற்று என்ற கடனை அந்தச் சில்லுகள் எங்கே கொண்டுபோய்த் தீர்க்கும் என்று அன்று எண்ணிப் பார்க்காத எமக்கு ஆசிரியர் என்ற பட்டம் வேறு.

ஹாஜியாரிடம் இக்கதையைச் சொன்னோம். அவர் அதனை முன்னமே ஒருவாறு அறிவார். எமது வாயால் கேட்டது அதுவே முதல் முறை. சிறிது நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்து, “அப்ப வெல்டிங் வேணாம்” என்றார். முதல் வழக்கு இவ்வாறு தீர்ந்தது.

மகன் விடவில்லை. பட்டறைக்காரர் வெல்டிங்குக்கு மாற்றாக, தானே பூட்டித் தானே விடும் வெளிநாட்டுப் பூட்டு ஒன்றும் இருக்கிறதென்று கூறினாராம். அது எப்படி என்றான். அப்படியும் உண்டு. பூட்டுகளிலே குடும்பம் பெரியது. ஒரு சில்லு மிகையாகச் சுழலாதபடி ஓரளவு மட்டும் இழுத்துப் பிடிப்பவை ஒருவகை. 1935இல் ஜெர்மனியிலே அவுட்டோ யூனியன் பந்தய மோட்டாரின் ஒரு பின்சில்லு வீணே சுழல்வதைக் கண்ட போர்ஷே என்னும் பொறியியலாளர், இசட் எப் என்னும் பற்சில்லுத் தொழிற்சாலையைக் கொண்டு இவ்வகையைச் செய்வித்தார். தார் வீதிக்கு அது சாதுவானது. முழங்காற் சேற்றுக்கு அதன் பலம் போதாது. அடுத்த வகை, முறுக்கு விசை வந்தவுடன் தாமாகவே இறுகி, வளைவிலே பற்கள் ‘கடக், கடக்’ என்று தாவி விடுபவை. வேறு சில, இரு சில்லுகளின் சுழற்சி வேறுபாடு மிஞ்சும்போது மட்டும் கொளுவிக்கொள்ளும். வண்டி மணிக்கு 30 கிலோ மீற்றர் அளவைத் தாண்டினால் கொளுவ மறுக்கும். இவை தவிர, சாரதி வேண்டும்போது காற்றினாலோ மின்சாரத்தினாலோ பூட்டி, வேண்டாதபோது விடுவிப்பவை. ஹாஜியார் பார்த்துவைத்த முதல் வண்டியில் இருந்தது இந்தக் கடைசி வகை. காக்காவின் குதிகால் மிதியும் இதே குலம்தான்.

தானே பூட்டும் வகையைப் பற்றி எமக்கு அறிவு தந்தவர் மொன்றியல் நகரிலே வாழும் எமது பழைய மாணவர் ஒருவர். நிலஅளவை வேலையாக நகருக்கு வடக்கே காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டுபவர். பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேற்றட்டை மட்டும் அறிந்த எமக்கு, ஒரு மார்கழி இரவிலே தொலைபேசியில் அவர் பாடம் நடத்தினார். மிதிவண்டிக்கும் இடமில்லாத கல்முனைச் சந்தியிலே வளர்ந்த பிள்ளை, முழங்கால் ஆழப் பனியில் நான்கு சில்லு வண்டி ஓட்டுகிறார் என்பதே எமக்கொரு மகிழ்ச்சி.

காட்டுப் பாதையின் ஆழ்ந்த பனியிலே அந்தத் தானியங்கிப் பூட்டு அவரைப் பலமுறை காப்பாற்றியதாம். இடர் வந்தது வீதியிலே. மழைநீர் வடிவதற்காக வீதியின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும் அல்லவா? அதன்மேல் கண்ணாடிபோற் பனிக்கட்டி. சற்றே விசை கொடுத்தார். பூட்டுத் தானாக இறுகிற்று. பின்சில்லுகள் இரண்டும் ஒருங்கே சுழன்றன. வண்டியின் பின்புறம் மெல்ல, மிக மெல்ல, சரிவை நோக்கி இறங்கிக் கரையோரப் பனிக்குவியலிற் புதைந்தது.

“ஒரு சில்லு சுத்தினா வண்டி நிக்கும் சேர். ரெண்டும் சுத்தினா வண்டி போகும், ஆனா நாம நினைச்ச பக்கம் போகாது” என்றார்.

காரணம் எளிது. சுழன்று வழுக்கும் சில்லு முன்னோக்கி இழுக்கும் பிடிப்பை மட்டுமன்றிப் பக்கவாட்டுப் பிடிப்பையும் இழந்துவிடும். பூட்டு இல்லாவிடின் ஒரு சில்லு வீணாய்ச் சுழன்றாலும் மற்றது சும்மா இருந்தபடியே வண்டியின் வாலைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டியபின் பிடிக்க ஆளில்லை. முன்னச்சிலும் பூட்டுப் போட்டு அதனையும் இறுக்கினால் சுக்கானே கைக்கு அடங்காது. அதன்பின் அம்மாணவர் தானியங்கியைக் கழற்றிவிட்டு, பின்னச்சுக்கு மட்டும் விசையால் இயங்கும் பூட்டை வைத்துக்கொண்டார். வீதியிலே அதனைத் தொடுவதில்லை. ஆழ்பனியிலே, நேரான பாதையிலே, மெல்ல நகரும்போது மட்டும். கியூபெக் மாகாணத்திலே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் பூட்டுவது சட்டப்படி கட்டாயம் என்றும் அவர் கூறினார். பூட்டைப் பற்றி அங்கே சட்டமில்லை; ரயரைப் பற்றியே சட்டம். எது முந்தியது என்பது அந்நாட்டாருக்குத் தெரிந்திருக்கிறது.

மொன்றியற் பனிக்கும் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கும் யாது தொடர்பு என்று ஹாஜியார் கேட்கவில்லை. மனிதர் கூர்மையானவர். “அப்ப கடல் மண்ணுக்கும் ரயர்தானா சேர்?” என்றார்.

உண்மையும் அதுவே. கரைவலை இழுக்கும் வாடியடியிலே வண்டி புதைவது பெரும்பாலும் இரு சில்லும் ஒரே மணலில் நிற்கும்போதாகும். இரண்டுக்கும் பிடிப்புச் சமம். பூட்டினாலும் கூட்டுத்தொகை அதிகம் மாறாது. இரண்டும் சேர்ந்து குழி தோண்டும். அங்கே உதவுவது காற்றைக் குறைத்தல். 32 இறாத்தல் காற்றுள்ள ரயரை 18 இறாத்தலுக்கு இறக்கினால் அது ஒட்டகத்தின் பாதம்போல் விரிந்து மணலின்மேல் ஏறிக்கொள்ளும். தார் வீதிக்கு ஏறியதும் மறவாது காற்றடித்துக்கொள்ள வேண்டும். காற்றடிக்கும் சிறு கருவியின் விலையையும் பூட்டின் விலையையும் ஒப்பிட்ட ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. ஒரு பக்கம் வரம்பும் ஒரு பக்கம் சேறுமாய்க் கிடக்கும் வயற்பாதைக்குப் பூட்டு வேண்டும், அதிலே ஐயமில்லை. எனவே முதல் வண்டியே தக்கது என்று எமது தீர்ப்பைச் சொன்னோம்.

மகனுடைய கண்கள் ஒளிர்ந்தன. “வாப்பா, பாத்தீங்களா! லொக்கும் இரிந்து நாலு சில்லும் இழுத்தா மாரியில கிட்டங்கித் தாம்போதியால தண்ணிக்குள்ளயே வந்திரலாம். சுத்திப் போகத் தேவல்ல” என்றான்.

ஒருவரும் பேசவில்லை. வேலிக்கு அப்பால் முச்சக்கர வண்டி ஒன்று பாண் விற்றுக்கொண்டு போன பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

2024 நவம்பர் 26 ஆம் திகதியை எமது பகுதியில் யார் மறப்பார்? நிந்தவூரிலே மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சம்மாந்துறைக்கு வீடு திரும்பினார்கள். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் வீதியை மேவிப் பாய்ந்துகொண்டிருந்தது. வேறு வண்டி போகாத நீரிலே உழவு இயந்திரம் போகும் என்னும் நம்பிக்கை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. எமது வீட்டிலும் உண்டு. அந்நம்பிக்கையிலே பெட்டியில் ஏறிய பிள்ளைகளிற் பலர் வீடு போய்ச் சேரவில்லை. அந்த நாட்களிலே தேடியோர் கூட்டத்தில் நின்றவர் ஹாஜியார். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்ற பேதமின்றிக் கரையிலே நின்றவர்களுள் நாமும் ஒருவர். அதன் பிறகு பல நாள் வகுப்பறையிலே எமக்குக் குரல் எழும்பவில்லை.

நாம் ஒரு கடதாசியை எடுத்தோம். 2013இல் தம்பிக்குப் போட்டுக் காட்டியது போன்ற கடதாசிதான், கணக்கு வேறு. “மகன், உங்கள் வண்டியின் நீளம் 4.5 மீற்றர், அகலம் 1.8 மீற்றர் என்று வைப்போம். அடிப்பாகத்துக்கு மேல் 30 சென்ரி மீற்றர் தண்ணீர். உள்ளே தண்ணீர் புகாதவரை எவ்வளவு நீரை அது இடம்பெயர்க்கும்?” என்றோம்.

பரீட்சை மண்டபத்தில் இருப்பவன் போல எழுதினான். 2.43 கன மீற்றர். அதாவது 2,430 கிலோ கிராம் மேலுதைப்பு.

“வண்டியின் நிறை?”

“ரெண்டு தொன் மட்டில சேர்.”

“சில்லுகளுக்கு நிலத்திலே மிஞ்சும் பாரம்?”

அவன் எழுதவில்லை. பூட்டுவது சில்லையும் சில்லையுமே. சில்லையும் நிலத்தையும் பூட்டும் கருவி எதுவும் இல்லை. பாரம் போனால் உராய்வு போகும்; உராய்வு போனபின் நான்கு சில்லையும் ஒன்றாகப் பூட்டினாலும் ஒன்றுதான், கழற்றி வைத்தாலும் ஒன்றுதான். உழவு இயந்திரத்தின் பெருஞ் சில்லுகளுக்குள்ளும் இருப்பது காற்றுத்தானே? நீருக்குள்ளே அவையும் மிதவைகள். பக்கத்திலிருந்து தள்ளும் நீரின் விசையோ, ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். இவற்றையெல்லாம் நாம் வாயாற் சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை. எம்மிடம் கற்ற பிள்ளை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “சுத்தியே போறன் சேர்” என்றான்.

ஹாஜியார் எழுந்து நின்று அவனுடைய தலையை ஒருமுறை தடவினார். பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது.

அடுத்த வாரம் வண்டி வந்து சேர்ந்தது. எமக்குக் காட்டவென்று ஹாஜியார் ஒரு மாலையிலே அதனைக் கொண்டுவந்தார். அருகிலுள்ள வெறுங் காணியிலே, பூட்டை விடுத்து ஒரு வட்டமும், பூட்டிக்கொண்டு ஒரு வட்டமும் மெல்ல ஓட்டிப் பார்க்கும்படி மகனுக்குச் சொன்னோம். முதல் வட்டம் வெண்ணெய் போல. இரண்டாவதிலே சில்லுகள் மண்ணைக் கிழித்தன. வண்டி முனகி, வட்டத்தை விட்டு வெளியே வெளியே போயிற்று. இறங்கி வந்தவன் தடத்தைக் குனிந்து பார்த்தான். “மெசின் சொல்லுக் கேளாது” என்று காக்கா சொன்னதை அவனுக்குச் சொன்னோம், சிரித்தான். காக்கா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் சொன்னதன் பிற்பாதி இவ்வாறு ஒரு வெறுங் காணியிலே போய்ச் சேர்ந்தது.

சத்தம் கேட்டுத் தம்பியின் மனைவி அடுத்த வளவிலிருந்து வந்து படலையடியிலே நின்றார். சந்தைக்குப் புறப்பட்ட கோலம்; கையிலே பை. வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். காணியிலே கிடந்த இரு வட்டங்களையும் பார்த்தார்.

“அத்தான், இது கிறுகுமா?” என்று கேட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அது பற்றி அவர் எம்மிடம் பேசிய முதற் சொல் அதுவே. நாம் விடையளிக்க முந்திக்கொண்டான் ஹாஜியாரின் மகன். “கிறுகும் டீச்சர். லொக்கு விட்டுத்தான் இரிக்கி. வாங்க, சந்தையடியில விர்றன்” என்று சொல்லி, பின்கதவைத் திறந்து பிடித்தான்.

அவர் சற்று நேரம் நின்றார். பின்பு பின்கதவைத் தாமே சாத்திவிட்டு, முன்னே போய், பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார். வண்டி சந்திக்குப் போய் இடப்பக்கம் மெல்லத் திரும்பும்வரை நாமும் ஹாஜியாரும் படலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம்.